ஈரத்துணியின் எடை

குழந்தை நல நிலையத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே இருபத்து நாலு வருஷம் நின்றவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கேயும் புழங்கவில்லை. வரிசையில் நிற்கும் தாய்மாருக்கும், ஊசி போடும் சிஸ்டர்களுக்கும், வாசலில் டோக்கன் கொடுப்பவருக்கும் அவள் தராசக்காதான். ஒருமுறை வீட்டுத் தொலைபேசியை எடுத்து, "ஆமா, தராசக்காதான் பேசறேன்" என்று அவளே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தங்கமானவள்தான், ஆனால் துணி விஷயத்தில் மட்டும் பொல்லாதவள். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தாய்ப்பால் போதுகிறதா என்று சந்தேகம் வந்தால் குழந்தையை ஒரு தடவை எடை போடுவார்கள். தாய் உள்ளறையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வருவாள். மறுபடியும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழந்தை குடித்த பால். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் குழந்தையின் இடுப்பில் கட்டிய துணியை நடுவில் மாற்றவே கூடாது. நனைத்திருந்தால் நனைத்தபடியே தராசில் ஏற வேண்டும். குழந்தைக்குள் இருந்த எடை துணிக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதானே. துணியைக் கழற்றி வீசிவிட்டால் அந்த எடை யார் கணக்கில் போய்ச் சேரும்?

"நடுவுல துணி மாத்தினீங்களா?" என்று கேட்பாள் தராசக்கா.

"இல்லக்கா."

இல்லை என்றால் விட்டுவிடுகிற ஆளா அவள். விரலைத் துணிக்குள் விட்டுப் பார்ப்பாள். தாய் பொய் சொல்லலாம், துணி சொல்லாது என்பது அவள் கட்சி.

"எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையைக்கூட நான் இப்படித் துழாவினதில்லக்கா" என்றாள் ஒருத்தி.

"துழாவியிருந்தா அவர் உருப்பட்டிருப்பார்" என்றாள் தராசக்கா, விரலைத் துடைத்துக்கொண்டே.

ஒரு தடவை போலீஸ் அதிகாரியின் மனைவி துணியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டுப் போன்ற புதுத்துணி, ஓரத்தில் பூவேலை வேறு. தராசக்கா தராசில் ஏற்றவே இல்லை. மூன்று மணி நேரம் இருங்கள், அடுத்த வேளைப் பாலுக்கு முதலிலிருந்து எடை போடலாம் என்று சொல்லிவிட்டாள். தலைமை நர்ஸான பெரிய சிஸ்டர் ஓடிவந்து, "யாருன்னு தெரியுதா?" என்று காதைக் கடித்தாள். "தெரியுது சிஸ்டர். பால் போதலைன்னு தப்பா எழுதினா, யார் வீட்டுக் குழந்தைன்னு பார்த்தா தாய்ப்பால் நிக்கப்போகுது?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த அம்மாளும், சும்மா சொல்லக்கூடாது, மூன்று மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போனாள்.

தராசக்காவுக்குத் துணிப் பைத்தியம் என்று சிஸ்டர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்டவர் யாருமில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். வீட்டில் அவள் அந்தத் துணிப் பேச்சையே எடுப்பதில்லை.

அது அவளுடைய மகள் பிறந்து நாற்பத்தொன்றாவது நாள் நடந்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். இரண்டு அறை வீடு. கூடமாட இருக்க நாத்தனார் வந்திருந்தாள், புருஷனுக்கு மூத்தவள், மூன்று பிள்ளை பெற்ற அனுபவசாலி.

அந்தக் காலத்து டாக்டர்களுக்குக் கடிகாரம்தான் தெய்வம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், பக்கத்துக்குப் பத்து நிமிஷம், நடுவில் அழுதால் அழவிட வேண்டும், தூக்கினால் செல்லம் ஏறிவிடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று ஊர் சொல்லும். அந்த ஆஸ்பத்திரியில் அழுத பிள்ளை கடிகாரம் பார்க்கும். அவளும் டாக்டர் சொன்னதைத் தட்டாதவள். பிரசவம் பார்த்தவர் அதே டாக்டர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். அவர் பேசினால் எழுந்து நிற்கத் தோன்றும்.

எனவே குழந்தை பத்து மணிக்கு அழும், பன்னிரண்டு ஆகவில்லையே என்று அவள் கடிகாரத்துக்குக் கீழே நின்று கூடவே அழுவாள். மார்பு கனத்துச் சட்டை நனையும். பன்னிரண்டு அடித்ததும் வாரி எடுப்பாள். அதற்குள் குழந்தை அழுது களைத்து, நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். ஆனாலும் அந்த நாலு வாய் அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. குடிக்கும்போது குழந்தை ஒரு கையால் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்ளும். பாதியில் நிறுத்தி, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்க்கும், இருக்கிறாளா என்று சரிபார்ப்பது போல. பார்த்துவிட்டு மறுபடியும் குடிக்கும். உலகத்தில் ஒருத்தருக்கு அவள் இல்லாமல் ஆகாது என்பதை அந்தப் பார்வையில்தான் முதல் முதலாகத் தெரிந்துகொண்டாள்.

"இவ்வளவு அழுதா பால் போதலைன்னு அர்த்தம். கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றாள் நாத்தனார். போனாள்.

ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நீள வரிசை. தராசுத் தட்டில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் போனவளின் குழந்தை தட்டிலேயே நனைத்துவிட்டது. தட்டைத் துடைக்கும் ஆயா அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "வீட்டுலயே மாத்திட்டு வரத் தெரியாதா? பெத்துக்க மட்டும் தெரியுதா?" அந்தப் பெண் கூனிக்குறுகிப் போனதைப் பார்த்து இவள் தன் குழந்தையின் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதல் எடை எட்டுப் பவுண்டு பத்து அவுன்ஸ். உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை நன்றாகத்தான் குடித்தது. அடித் தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. குடித்து முடித்தபோது துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இந்த ஈரத்தோடு அந்த வெள்ளைத் தட்டில் எப்படி வைப்பது? ஆயாவின் வாயில் யார் விழுவது? சின்ன வயதிலிருந்தே சுத்தம் பார்க்கிறவள் அவள். பையிலிருந்து உலர்ந்த துணியை எடுத்து மாற்றிக் கட்டினாள். ஈரத்துணியை நாற்றமடிக்க வைத்திருப்பானேன் என்று மூலைக் குழாயில் அலசிப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டாள். மாற்றக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எடை போட்ட நர்ஸ், இது ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

இரண்டாவது எடை எட்டுப் பவுண்டு பதினொன்று.

"ஒரே ஒரு அவுன்ஸ்" என்றார் டாக்டர், அட்டையைப் பார்த்துக்கொண்டே. "மூணு இருக்கணும். உனக்குப் பால் கிடையாதும்மா. குழந்தை இத்தனை நாளும் அரைப் பட்டினி."

அரைப் பட்டினி என்ற சொல் அவளுக்குள் ஆணி மாதிரி இறங்கியது. அரைகுறையாய்த் தாய்ப்பாலும் கொடுத்தால் குழந்தை டப்பாப்பால் குடிக்காது, அதனால் இன்றோடு நிறுத்திவிடு என்று சொல்லி, பால் வற்ற மாத்திரை எழுதிக்கொடுத்தார். மார்பை அகலத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பால் கிடையாது என்று சொன்ன அதே வாய்தான் பாலை நிறுத்த மாத்திரையும் சொன்னது. இல்லாததை நிறுத்த மாத்திரை எதற்கு என்று கேட்கிற புத்தி அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் இல்லை. டாக்டருக்கே இல்லாதபோது இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து வரும்?

எட்டு நாள் கட்டிக்கொண்டு கிடந்தாள். இல்லை என்று சொல்லப்பட்ட பால், கட்டையும் மீறி வந்துகொண்டே இருந்தது. பக்கத்து அறையில் நாத்தனார் புட்டியில் பால் கலந்து கொடுப்பாள். குழந்தை அழும்போதெல்லாம் இங்கே கட்டுத்துணி நனையும். முதல் இரண்டு நாள் குழந்தை புட்டியை வாங்கவில்லை, தலையைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடியது. "நீ கண்ணுல படாத. வாசனைக்குத் தேடுது" என்று நாத்தனார் கதவைச் சாத்திவிட்டாள். மூன்றாம் நாள் வாங்கிக்கொண்டது. ஒன்பதாம் நாள் இங்கே வற்றிப்போயிற்று. கட்டை அவிழ்த்தபோது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசைத் தாங்கமுடியாமல்தான் அவள் அன்றைக்கு அழுதாள்.

குழந்தை புட்டிப்பாலில் கொழுகொழுவென்று வளர்ந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புட்டியைத் தானே பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி குடிக்கும். பாதியில் நிறுத்தி யார் முகத்தையும் அண்ணாந்து பார்க்கவில்லை. நாத்தனார் வரும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்கம்மாகிட்ட நாப்பது நாள் பட்டினி கிடந்தவடி நீ. டப்பாதான் உனக்கு அம்மா" என்று கொஞ்சுவாள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பரிதாபப்படுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

மகளுக்கு ஐந்து வயதானபோது குழந்தை நல நிலையத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் நாளே பெரிய சிஸ்டர் தராசடியில் நிறுத்திப் பாடம் நடத்தினாள். "முதல் எடையில என்ன துணி இருந்துச்சோ, ரெண்டாவது எடையிலயும் அதே துணி இருக்கணும். நனைஞ்சா நனைஞ்சபடி. நடுவுல மாத்தினா நம்ம கணக்கு பூஜ்யம். புரியுதா?"

புரிந்தது. அவளுக்குப் புரிந்த மாதிரி வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் ஐந்து வருஷத்துக்கு முந்தைய மூலைக் குழாய்ச் சத்தமாகவே கேட்டது. அன்றைக்கு அவள் அலசிக் கொட்டியது என்ன என்று இப்போதுதான் தெரிந்தது. சாட்சியைத் தன் கையாலேயே கழுவிவிட்டு, தீர்ப்புக்குத் தலைகுனிந்து நின்றிருக்கிறாள்.

டாக்டர் தப்பு என்றால் டாக்டரைத் திட்டலாம். நாத்தனார் தப்பு என்றால் புருஷனிடம் சொல்லி மூக்கைச் சிந்தலாம். தன் சுத்தம்தான் தன் பிள்ளை வாயிலிருந்து பாலைப் பிடுங்கியது என்றால் அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷன், "போனது போகட்டும், பிள்ளை நல்லாத்தானே இருக்கா" என்பார். அந்த ஆறுதல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பிள்ளை பிறந்தால் யார் சொல்வதையும் கேட்பதில்லை, கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள். வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். பிறக்கவில்லை. வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டால் போதும், வற்றிப்போன மார்பில் ஒரு சுரீர் வரும். ஐம்பது வயது தாண்டியும் அது நிற்கவில்லை. இதை எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஒரு மாத்திரை எழுதுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

ஒன்று மட்டும் செய்தாள். ஒவ்வொரு எடைக்குப் பிறகும், தாய் துணி மாற்றும்போது ஈரத்துணியை வாங்கித் தனியாகத் தட்டில் வைத்துப் பார்த்தாள். பிறகு உலர்ந்த துணியை வைத்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குழந்தையின் வயது, ஈரத்தின் எடை. வருஷக்கணக்காக இதே வேலை. ஆறு வாரக் குழந்தை ஒரு தடவை நனைத்தால் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ், சொட்டும்படி நனைந்திருந்தால் இரண்டு. அன்றைக்குச் சொட்டியது. பிழிந்தபோது முழங்கை வரைக்கும் வழிந்தது நன்றாக நினைவிருக்கிறது. தராசு காட்டிய ஒன்று, குழாயோடு போன இரண்டு, ஆக மூன்று. டாக்டர் கேட்டதும் மூன்றுதான். கூட்டிப் பார்த்துவிட்டு நோட்டை மூடி வைத்தாள், மறுநாள் திறந்து மறுபடியும் கூட்டினாள்.

காலம் மாறிக்கொண்டே இருந்தது. நிலையத்துச் சுவரில் ஒரே ஆணி, அதில் மாறி மாறி நாலு படம் தொங்கியிருக்கிறது. முதலில் கடிகாரப் படம். பிறகு டப்பாவைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் குண்டுக் குழந்தை, அதை மாட்டியது நர்ஸ் மாதிரி வெள்ளை உடுத்திக்கொண்டு வந்த கம்பெனிப் பெண். அதற்குப் பிறகு மூன்றாம் மாதமே பழச்சாறும் கூழும் கொடுக்கச் சொன்ன படம். கடைசியாக, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, அழும்போதெல்லாம் கொடுங்கள் என்ற படம். ஒவ்வொன்றையும் அடித்துச் சத்தியம் செய்தார்கள். முந்தின படத்தை நம்பிக் கெட்டவர்களிடம் ஒரு வார்த்தை, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று, யாரும் சொல்லவில்லை. நாலாவது படத்தை ஆணியில் மாட்டியவள் தராசக்காதான். மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தப் படத்தோடு கூடவே தராசுக்கும் ஓய்வு வந்தது. பால் கொடுக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுத் தாய்மாரைப் பயமுறுத்த வேண்டாம் என்று உத்தரவு. மாதாந்திர எடைக்குப் பாட்டரித் தராசு வந்தது. பழைய முள் தராசைப் பண்டக அறையில் போட்டார்கள். வாரம் ஒரு தடவை அதைத் துடைத்து வைப்பதை மட்டும் தராசக்கா விடவில்லை.

இந்த நிலையில்தான் மகள் தன் நாலு வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தோள்பையைத் திறந்து மேசைமேல் ஒரு பால் டப்பாவை வைத்தாள். சீல் உடைக்காத புது டப்பா.

"நமக்குப் பால் கிடையாதும்மா" என்றாள். "உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பரம்பரை. மணிக்கொரு தடவை அழறான். டாக்டரம்மா கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கொடுத்துக்கிட்டே இருன்னு சொல்றாங்க. அவங்க எல்லாருக்கும் அதைத்தானே சொல்றாங்க. நான் பட்டினி கிடந்தது போதும், இவனும் கிடக்கவேணாம். சாயங்காலம் இதை உடைக்கப் போறேன்."

தராசக்கா டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பால் இல்லை என்று நாத்தனார் சொன்ன கதையைப் பிள்ளை வேதம் மாதிரி நம்பி வளர்ந்திருக்கிறாள், அதை ஒரு நாளும் மறுக்காமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் தானேதான். தன்னிடமிருந்து போனது மகளிடமிருந்தும் போகப் பார்க்கிறது. இப்போது சொல்லிவிடலாமா? வாய் வரைக்கும் வந்தது. டப்பாவைத் திறக்காமலிருக்க அம்மா கதை கட்டுகிறாள் என்றுதானே நினைப்பாள்? கணக்கைக் காட்டினால் ஒழிய நம்பாத பெண்.

"எடை போட்டுப் பார்த்துடுவோமா?" என்றாள். "பழைய தராசு இருக்கு. ரெண்டு அவுன்ஸுக்குக் குறைஞ்சா நானே டப்பாவைத் திறந்து கலக்கித் தரேன்."

"பேச்சு மாறமாட்டியே?"

"தராசக்கா எப்ப பேச்சு மாறியிருக்கா?"

நிலையம் ஒரு மணிக்கு மூடும் நேரத்தில் மகளையும் குழந்தையையும் அங்கே கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டபோது, "உங்க திருப்திக்குப் பாருங்க. முள்ளு சொல்றதையே பிடிச்சுக்காதீங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தராசக்கா முள் தராசைப் பண்டக அறையிலிருந்து தூக்கிவந்து மேசைமேல் வைத்து, தட்டைப் பளபளவென்று துடைத்தாள். மகள் கையோடு கொண்டுவந்த டப்பாவும் புட்டியும் பக்கத்திலேயே இருந்தன. ஆயிரம் குழந்தைகளை ஏற்றி இறக்கிய கை அன்றைக்கு வியர்த்தது. முதல் எடை ஏழு பவுண்டு பன்னிரண்டு அவுன்ஸ். வழக்கமாகச் சொல்லும் எதையும் அவள் சொல்லவில்லை. படபடப்பில் மறந்தே போனாள்.

மகள் உள்ளறைக்குப் போனாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தராசக்கா கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மடக் மடக்கென்ற சத்தம் கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது.

மகள் வந்து குழந்தையைத் தட்டில் வைத்தாள். முள் ஆடி நின்றது. ஏழு பவுண்டு பன்னிரண்டரை.

"அரை அவுன்ஸ்" என்றாள் மகள். அழவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல?"

தராசக்கா முள்ளையே பார்த்தாள். வெந்நீர்ப் பிளாஸ்க்கை எடுத்துப் புட்டியில் ஊற்றினாள். டப்பாவின் சீலில் கட்டைவிரலை வைத்தாள். சொன்ன சொல் சொன்னதுதான். பிள்ளை பசித்திருக்கும்போது தன் ஆசையைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. பாவம், எவ்வளவு பசியோ என்று இடது கையால் குழந்தையின் இடுப்பைத் தடவினாள். இருபத்து நாலு வருஷப் பழக்கம், விரல் தானாகத் துணிக்குள் போயிற்று. துணி உலர்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் குடித்த குழந்தையின் துணி, பெட்டியில் மடித்து வைத்தது போல மொரமொரவென்று இருந்தது.

"துணி மாத்தினியா?"

"ஆமா. தொப்பலா நனைச்சிட்டான். நீ தட்டை அவ்வளவு சுத்தமா துடைச்சு வச்சிருந்த, ஈரத்தோட எப்படிம்மா வைக்கிறது?"

தராசக்கா டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அந்தத் துணி எங்க?"

"உள்ள, தொட்டியில போட்டேன். இனிமேதான் அலசணும்."

"தண்ணி திறந்தியா?"

"இல்லம்மா, என்ன ஆச்சு உனக்கு?"

ஐம்பத்தொரு வயதில், முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறவள், ஓடினாள். தொட்டியில் துணி அப்படியே சுருண்டு கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். குழந்தையின் இடுப்பிலிருந்த உலர்ந்த துணியை உருவிவிட்டு, ஈரத்துணியைத் தட்டில் அதன் காலடியில் வைத்தாள். முள் கிளம்பியது. பன்னிரண்டரையைத் தாண்டி, பதின்மூன்றைத் தாண்டி, பதினாலரையில் போய் நின்றது.

கணக்கு டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முள்ளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், மறுபடியும் முள்ளைப் பார்த்தாள்.

"ரெண்டரை" என்றாள் மெதுவாக. "ரெண்டரை குடிச்சிருக்கான்." குழந்தையை வாரி எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். பிறகுதான் அவளுக்கு அடுத்த கேள்வி வந்தது. "இது உனக்கு எப்படிம்மா தோணிச்சு?"

"நானும் மாத்தினேன்."

"எப்போ?"

"உன்னை எடை போட்ட அன்னிக்கு. தட்டு அழுக்காயிடும்னு மாத்தினேன். மாத்தி, அலசியும் விட்டுட்டேன்."

சொல்லிவிட்டாள். இருபத்து நாலு வருஷம் தொண்டையில் இருந்தது, இத்தனை சின்னதாக வெளியே வந்து விழுந்தது. மகளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தட்டின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உனக்குப் பால் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அத்தை சொன்னது?"

"அத்தைக்கு என்ன தெரியும். டாக்டருக்கே தெரியல. எனக்கே அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அப்புறம் உங்கிட்ட சொல்ல வாய் வரல. என் கையாலயே உன் பாலைக் கொட்டிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

குழந்தை சிணுங்கியது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்து, மேல்துணியை விலக்கிக் குழந்தையை மறுபடியும் அணைத்துக்கொண்டாள். தராசக்கா பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பால் கொடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. பார்வையை இறக்கிக்கொண்டாள். குழந்தை ஒரு கையால் மகளின் விரலைப் பற்றியது. பாதியில் நிறுத்தி, அண்ணாந்து பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் குடித்தது.

"நான் எவ்வளவும்மா குடிச்சேன்?" என்றாள் மகள்.

"மூணு அவுன்ஸ். கடைசித் தடவை."

"அதுக்கு முன்னாடி?"

"நாப்பத்தொரு நாள் குடிச்ச. நல்லாக் குடிச்ச. சத்தம் கேக்கும்."

மகள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் பட்டினி கிடக்கலியா?"

"இல்லடி கண்ணு" என்றாள் தராசக்கா. "ஒரு நாள்கூட கிடக்கல."

மகள் தலையை ஆட்டிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை, தோளில் துடைத்துக்கொண்டாள். "வாம்மா, பக்கத்துல வந்து உக்காரு" என்றாள்.

"வரேன், இதை அலசிட்டு வந்துடறேன்" என்று தராசக்கா தட்டிலிருந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உள்ளறைத் தொட்டிக்குப் போனாள். குழாயில் கையை வைத்தாள். திறக்க வரவில்லை. துணி இன்னும் இளஞ்சூடாக, கனமாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பிழியாமல், அலசாமல், அப்படியே கொண்டுவந்து மறுபடியும் தட்டில் வைத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.